ஆலையை விட்டு வந்த பின்னும் வளரும் வண்டி

ஓசூர் என்றதும் நம் நினைவிற்கு வருபவை தொழிற்சாலைகளே. 1980ஆம் ஆண்டு இங்கிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50 மொபெட்டை நம் பெற்றோர் நன்கு அறிவர். ஆலை வாயிலைக் கடந்த பின் அவ்வண்டியில் ஒரு மாற்றம் வேண்டுமாயின் மெக்கானிக்கைத்தான் நாட வேண்டும். இன்றோ, ஓசூரில் ஏதர் நிறுவனமும் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் உருவாக்கும் மின் ஸ்கூட்டர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே கம்பியில்லா இணைப்பின் வழியே புதிய மென்பொருளைப் பெறுகின்றன! இது எவ்வாறு இயல்கிறது?

முன்னாளில் மென்பொருளை எழுதுவோர் ஒரு பிரிவினர். அதை இயக்கிக் காப்போர் வேறு பிரிவினர். பல மாத வேலையை மொத்தமாகக் கைமாற்றுவர். பிழை நேர்ந்தால் ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்துவர். இவ்விரு சாராரையும் இணைக்க எழுந்த முறையே டெவ்ஆப்ஸ். 2009இல் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய மாநாட்டால் இப்பெயர் பரவியது. இதனோடு ஒட்டிப் பிறந்தது ‘தொடர் வழங்கல்’.

ஆண்டு முழுதும் சும்மா இருந்துவிட்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு கண்விழிக்கும் மாணவனையும், அன்றாடப் பாடத்தை அன்றே படிப்பவனையும் எண்ணிப் பாருங்கள். தொடர் வழங்கல் இரண்டாமவனின் வழி. மாற்றம் சிறிதாகச் செய்யப்படும். உடனே கணிப்பொறி தானாகவே அதைச் சோதிக்கும். தேறியது முதலில் சில வண்டிகளுக்கு மட்டும் செல்லும். குறை தென்பட்டால் நிறுத்திப் பழைய நிலைக்குத் திருப்பலாம். இல்லையேல் படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் அனுப்பலாம். மாற்றம் சிறிதாக இருப்பதால் பிழை எங்கே உள்ளது என்று தேடுவதும் எளிது.

இந்த ஒழுங்கு தவறினால் விளைவு என்ன? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் பிழையுள்ள கோப்பு ஒன்றை உலகெங்கும் ஒரே வேளையில் அனுப்பியது. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன, விமானங்கள் நின்றன. சாலையில் ஓடும் வண்டிக்கு இத்தகைய பிழை நேர்ந்தால் ஆபத்து உயிருக்கு அன்றோ!

மற்றொன்றும் நாம் சிந்திக்கத்தக்கது. 2021 ஆகஸ்டில் அறிமுகமான ஓலா எஸ்1 புரோ வண்டிக்கு, ஒரே வேகத்தில் செலுத்தும் வசதி 2022இல் மென்பொருள் வழியாகவே வந்து சேர்ந்தது. வாங்கிய வண்டி பின்னர் வளர்வது மகிழ்ச்சியே. ஆயினும் “பிறகு திருத்திக்கொள்ளலாம்” என்னும் வசதி, அரைகுறைப் பொருளை விற்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடலாகாது என்பது என் கருத்து.

இவையெல்லாம் பொறியியல் மாணவர்க்கு மட்டுமே உரியவை என்று ஒதுங்க வேண்டா. எது தவறக்கூடும் என முன்கூட்டியே எண்ணிச் சோதனை வகுக்கக் கணிதமும், அதைப் பிறர்க்கு விளங்க எழுதத் தெளிந்த மொழியும் தேவை. அவ்விரண்டும் நம் வகுப்பறைகளில் உள்ளன. ஆலைகளோ நம் மாவட்டத்திலேயே உள்ளன. இடையிலுள்ள தூரத்தைக் கடப்பது நம் முயற்சியில் உள்ளது.