கூரையின் கீழ் ஓர் அடுப்பு

வீடு கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் அடுப்புக் கட்டிவருகிறோம். இது மிகையென்று கருதும் நேயர்கள், சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, மாடியில்லாத ஒரு சிறு கான்கிரீட் வீட்டிற்குள் சென்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், சூரியன் அஸ்தமித்த பிறகு, குடித்ததை உள்ளே இருப்பவர்கள் மீது கக்குகிறது. மின்சார விசிறி சுழலத்தான் செய்கிறது. அது கீழே தள்ளுவதோ அனற்காற்று. பகலில் வயலிலும் சாலையிலும் வெந்தவன் இரவில் தன் வீட்டிலும் வேகிறான். பாயை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறான். அந்த வீட்டைக் கட்டுவதற்குப் பணம் கொடுத்தது சர்க்கார் என்றால், அவன் யாரிடம் போய் முறையிடுவது?

இது ஏழையின் நிலை. செல்வர்களின் நிலை வேறு விதமான வேடிக்கை. நமது பெருநகரங்களில் கண்ணாடியால் போர்த்த மாளிகைகள் வரிசை வரிசையாக எழுந்திருக்கின்றன. வெயிலைக் காண்பதே அரிதாயிருக்கும் குளிர் தேசங்களில், சூரிய வெளிச்சத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளக் கண்ணாடி பயன்படுகிறது, அதில் அர்த்தமுண்டு. வருஷத்தில் பத்து மாதம் வெயில் காயும் நாட்டில் அதே கண்ணாடியை மேற்குத் திசையில் நிறுத்தி, உள்ளே வந்த உஷ்ணத்தை வெளியே துரத்த இரவு பகலாகக் குளிர்சாதன யந்திரங்களை ஓட்டுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? யந்திரம் உள்ளேயிருந்து எடுத்த சூடு எங்கும் மறைந்து போவதில்லை. அது தெருவில் வந்து விழுகிறது. தெருவில் பாய் விரித்தவன் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான்.

மின்சாரச் செலவு கட்டடம் எழுந்த பிறகு வருவது. அதற்கு முன்பே ஒரு செலவு நடந்துவிடுகிறது. சிமிட்டி செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் சுட வேண்டும். எரிக்கும் நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயு ஒருபுறமிருக்க, கல்லே தன்னுள் அடங்கிய கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சிமிட்டியினால் உண்டாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். உலகில் சீனாவுக்கு அடுத்தபடி அதிகமாகச் சிமிட்டி உற்பத்தி செய்வது நமது தேசம். வீடில்லாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு வீடு வேண்டும். ஆகவே சிமிட்டியே கூடாதென்று நாம் சொல்லவில்லை. வேண்டாத இடத்தில் அதைக் கொட்டாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

வேண்டாத இடம் எது என்பதை அறிய விரும்புவோர் திருவனந்தபுரத்திற்குச் சென்று வரலாம். லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1945-ல் இந்தியாவுக்கு வந்தவர், இந்த மண்ணின் பிரஜையாகவே ஆகி 2007-ல் தமது 90-வது வயதில் அந்நகரில் காலமானார். வருவதற்கு முன் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்திருந்தார். ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்களெல்லாம் அதைச் சுற்றி ஐந்து மைல் தூரத்திற்குள் கிடைக்க வேண்டுமென்று அடிகள் கருதியதைப் பேக்கர் வாழ்நாளெல்லாம் நினைவுகூர்ந்து வந்தார். 1970-களின் தொடக்கத்தில் அச்சுத மேனன் முதல் மந்திரியாயிருந்தபோது, பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், உள்ளூர் என்ற இடத்தில் வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார்.

அங்கே பேக்கர் செய்தவை வெகு எளியவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. நடுவே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. மேல்தளத்திலும் ஒரு யுக்தி உண்டு. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு இடையே அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் கான்கிரீட் குறைகிறது, பாரம் குறைகிறது, பாரம் குறைந்ததனால் கம்பியும் குறைகிறது. ஓட்டுக்குள் தங்கிய காற்றினால் வெப்பமும் தணிகிறது. ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள். அவற்றின் வழியே காற்று வரும், கூசாத வெளிச்சம் வரும். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். பூச்சு வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். நல்ல கொத்தனார் அடுக்கிய செங்கல்லுக்கு முகப்பூச்சு எதற்கு?

இவ்வளவும் ஐம்பது வருஷங்களாகக் கண்முன் நிற்கிறது. 1985-ல் இம்முறைகளைப் பரப்புவதற்கென்றே திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற ஸ்தாபனமும் தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் தேசமெங்கும் ஏன் பரவவில்லை?

முதற்காரணம் காசு. திட்டம் வரைபவருக்கும் கண்டிராக்டருக்கும் கட்டடத்தின் மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடும் வழக்கம் இருக்கும் வரையில், செலவைக் குறைக்கச் சொல்வது அவர்களுடைய வருமானத்தைக் குறைக்கச் சொல்வதாகும். இரண்டாவது காரணம் கௌரவம். மண்ணும் ஓடும் தரித்திரத்தின் சின்னங்களென்றும், கான்கிரீட்தான் மனிதனுக்கு அழகென்றும் ஜனங்கள் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒழுகுகிற கீற்றின் கீழும், தீப்பிடிக்குமோ என்ற பயத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவன் கெட்டியான கூரையைக் கேட்பது நியாயமே. பழைமையைப் போற்றுகிறோம் என்று சொல்லி அவனை மறுபடியும் குடிசைக்கு அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. நம் முன்னோர் எல்லாவற்றையும் உள்ளூர்ப் பொருளால் கட்டினார்கள் என்பதும் முழு உண்மையன்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஆயினும் அம்மாளிகைகளின் முற்றமும் தாழ்வாரமும், சென்னைப் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின் மேல் குத்துச் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த மெட்ராஸ் தளமும், வெயிலை அறிந்த கைகளால் ஆனவை என்பதை மறுக்க முடியாது. மூன்றாவது காரணம் அந்தக் கைகள் அருகிப்போனது. சுண்ணாம்பைக் குழைத்துப் பதம் பார்க்கத் தெரிந்த கொத்தனாரை இன்று ஜில்லா முழுவதும் தேட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. சட்டங்களுக்குக் குறைவே இல்லாத தேசம் நம்முடையது. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2007-ல் பெரிய வர்த்தகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு வெளியாகி, 2017-ல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தும். குடியிருப்புகளுக்கு 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதை என்று ஒன்று. 2022-ல் சட்டத்தையே திருத்திக் குடியிருப்புகளையும் அதன் வரம்பிற்குள் கொணர வழி செய்தார்கள். ஆனால் டில்லியில் எழுதிய விதி, மாநில சர்க்கார் அதை ஏற்று அறிவித்து, நகராட்சியும் ஊராட்சியும் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்து, வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரி அதைப் படித்திருந்தால்தான் உயிர் பெறும். டில்லியில் சுற்றுச்சூழல் இலாகாவுக்கென்று 2014-ல் திறக்கப்பட்ட மாளிகை, கூரையில் 930 கிலோவாட் சூரிய மின்தகடுகளுடன், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. நல்லது. ஆனால் மந்திரிகளின் ஆபீசில் நிரூபித்துக் காட்டியதை ஏழையின் வீட்டில் எப்போது காட்டப்போகிறார்கள்?

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். சமவெளிப் பிரதேசத்தில் ஒரு வீட்டிற்கு உதவித்தொகை 1,20,000 ரூபாய். இந்தச் சொற்பத் தொகையில் குளிர்ச்சிக்கு இடமேது என்று கேட்பார்கள். கேள்வியையே திருப்பிப் போட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். செங்கல்லையும் கம்பியையும் மிச்சப்படுத்துகிற முறை வேறு எங்கே தேவை? மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதற்கு எத்தனை ஆயிரம் வேண்டும்? 2023-ல் தெலுங்கானா சர்க்கார் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வகுத்து வெளியிட்டது. மற்ற மாநிலங்களுக்கு என்ன தடை?

தேச ஊழியர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இது. கிராம சபை கூடும் நாட்களில் வீடு பெறுவோரின் பட்டியலைப் படிக்கிறார்கள். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதோடு விவாதம் முடிகிறது. இனி வீட்டின் வரைபடத்தையும் சபையில் வைக்கச் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் வெயில் படாமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள், எதிரெதிராக ஜன்னல் உண்டா, தளம் வெள்ளை பூசப்படுமா என்று கேளுங்கள். ஜில்லாவுக்கு இருபது கொத்தனார்களையாவது எலிப்பொறிக் கட்டிலும் ஓடு பதித்த தளத்திலும் சர்க்கார் செலவில் பயிற்ற வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். பயிற்சிக்காலத்தில் அவர்களுக்கு நாட்கூலி குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். கூலியை இழந்து எந்தக் கொத்தனாரும் பாடம் படிக்க வரமாட்டார்.