அவன் சோம்பேறி இல்லீங்க!

பாக்கெட் மணிக்காக டியூஷன் எடுக்கறீங்களா? அப்போ இந்தப் பையனை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கேள்வி கேட்டா டாண் டாண்னு பதில் சொல்வான். எழுதச் சொன்னா மட்டும் தண்ணி, பாத்ரூம், பென்சில் முனை உடைஞ்சு போச்சு... அரை மணி நேரத்தில் நாலு வரி. அதுவும் கோழிக் கிறுக்கல். 'சோம்பேறி'ன்னு நாமும் முத்திரை குத்திடுவோம்.

ஒரு நிமிஷம். அவன் ஷூ லேஸ் கட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? சட்டைப் பட்டன் போடுறதை? கிரிக்கெட்டில் லட்டு மாதிரி வர்ற கேட்சைக் கோட்டை விடுறதை? எல்லாத்திலும் தடுமாறினா, டிஸ்பிராக்ஸியாவாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இந்த அசைவு ஒருங்கிணைப்புக் கோளாறு உண்டு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. 'ஹாரி பாட்டர்' ஹீரோ டேனியல் ராட்க்ளிஃப், தனக்கும் இது லேசாக இருப்பதாக 2008-ல் சொன்னார். (எழுத மட்டும் சிரமப்படுற பிள்ளைகளும் உண்டு. அது டிஸ்கிராஃபியா.)

எழுதுறது விரல் வேலை மட்டும் இல்லை பாஸ். முதுகு நிமிரணும், தோள் ஆடாம நிக்கணும், இன்னொரு கை நோட்டைப் பிடிக்கணும், கண் கோட்டைத் தொடரணும். நமக்கு இதெல்லாம் தானா நடக்குது. அவனுக்கு மொத்தக் கவனமும் இதுலயே செலவாகிடும். ஸ்பெல்லிங் யோசிக்க மிச்சம் இருக்காது.

சரி, பந்து பிடிக்கக் கத்துக்கொடுத்தா கையெழுத்து அழகாயிடுமா? ஆகாது! கனடாவில் 2011-ல் பழைய ஆய்வுகளை மொத்தமா அலசினாங்க. எழுதும் பயிற்சியே இல்லாத சிகிச்சைகள் பலிக்கலை. 20 அமர்வுகளுக்குக் குறைஞ்சதும் பலிக்கலை. பந்து பழகினா பந்துதான் வரும். விரலுக்கு எக்சர்சைஸ்னு காசு கேட்கறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

அதுக்காக விளையாட்டை நிறுத்திடாதீங்க. கேலிக்குப் பயந்து இந்தப் பசங்க மைதானத்தை விட்டே ஒதுங்கிடறாங்க. உடம்பு பெருக்குது, மூச்சு வாங்குது, கூட்டாளிகளும் போயிடறாங்க. டீம் பிரிக்கும்போது கடைசி வரைக்கும் நிக்கிறவன் வலி நமக்குத் தெரியாததா? நீச்சல், சைக்கிள் மாதிரி யாரும் ஸ்கோர் எண்ணாத விளையாட்டா பார்த்து, சின்னச் சின்னப் படியா பழக்குங்க.

டியூஷனில்? கால் தரையில் படுற மாதிரி உட்கார வைங்க. தினமும் பத்து நிமிஷம் எழுதினா போதும். அவங்க அம்மாகிட்ட 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்'னு எழுதியே கொடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கிராஃபியா, டிஸ்பிராக்ஸியா ரெண்டும் பேரோட இருக்கு. சான்றிதழ் வாங்கினா பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

நாளைக்கு அவன் வந்ததும் நோட்டை மூடி வெச்சுட்டு, முழுப் பாடத்தையும் வாயால சொல்லச் சொல்லிப் பாருங்களேன்.