இறங்கும் மண்ணில் ஏறிய மேடை

ஜொகூர் தாமான்களில் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முதலில் வேலை தொடங்குவது பின்கட்டில்தான். சமையலறையை நீட்டுவார்கள். துணி காயப்போடவும் மாலையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் ஒரு பலகை மேடை போடுவார்கள். முன்புறம் கார் நிறுத்தும் இடத்தை ஓரடி உயர்த்துவார்கள். ஓரிரு ஆண்டு போனதும் மேடையின் ஒரு மூலை தாழும். வீட்டுச் சுவருக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழும். மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் திரும்பி வரும்.

அப்போது பெரும்பாலோர் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, தாழ்ந்த இடத்தில் சிமெண்டு பூசியோ, காலுக்கடியில் ஆப்பு அடித்தோ மட்டப்படுத்தச் சொல்கிறார்கள். மேடை ஒரு மழைக்காலம் நிற்கும், மறுபடி இறங்கும். செலவு இரட்டிப்பாவது போதாதென்று இன்னொரு நட்டமும் சேர்கிறது. எந்தக் கால் எவ்வளவு இறங்கியது, எப்போது இறங்கியது என்ற தடயம் முழுவதும் அந்தப் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது. பிறகு மேம்பாட்டாளரிடமோ குத்தகையாளரிடமோ இழப்பீடு கேட்கப் போனால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

மேஸ்திரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜொகூரின் மேற்குக் கரை மண் உலகப் பொறியாளர்களையே திணறடித்த மண். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை போடப்பட்ட 1980களில், மூவார் சமவெளியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் பல சோதனைக் கரைகளை எழுப்பியது. அங்கே ஏறத்தாழ 18 மீட்டர் ஆழம் வரை மென்மையான கடற்களிமண். ஒரு கரையை மட்டும் இடிந்து விழும்வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எந்த உயரத்தில் விழும் என்று பல நாட்டு வல்லுநர்களிடம் கணிப்பும் கேட்டார்கள். கரை 5.4 மீட்டரில் சரிந்தது. 1989இல் கோலாலம்பூரில் கூடிய கருத்தரங்கில் கணிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பத்து பகாட் மாவட்டத்தின் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் மென்மண்ணை ஆராயவென்றே ஒரு மையம் வைத்திருப்பதும் காரணமில்லாமல் அல்ல.

கூலாய், குளுவாங், ஸ்கூடாய்ப் பக்கம் செம்மண் மேடுதானே, அங்கே என்ன கவலை என்று கேட்கலாம். பல தாமான்கள் செம்பனைத் தோட்டத்து மேடுகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பிச் சமன்செய்த நிலத்தில் எழுந்தவை. மேட்டை வெட்டிய பக்கத்து வீடு அசையாமல் இருக்கும். அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி, பள்ளத்தை நிரப்பிய பக்கத்து வீட்டின் பின்கட்டு இறங்கும். சரியாகக் கெட்டிப்படுத்தாத நிரப்புமண் பல ஆண்டுகள் வரை தானாகவே அமுங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் மேம்பாட்டாளர் கட்டிய வீடு பெரும்பாலும் பைலிங் மேல் நிற்கிறது. ஆழத்திலுள்ள கெட்டியான அடுக்கு அதன் சுமையைத் தாங்குகிறது. பிற்பாடு ஒட்டிய சமையலறையும் மேடையும் மண்ணின் மேலடுக்கில் இரண்டடி ஆழத்து கான்கிரீட் பாதங்களில் நிற்கின்றன. வீடு நகராது, ஒட்டு நகரும். இரண்டையும் கம்பியால் இறுகக் கட்டிவிட்டால் இறங்கும் ஒட்டு வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு இடைவெளி விட்டு, ஒட்டு தன் போக்கில் இறங்க வழிசெய்வதே முறை. மேல்பூச்சில் அது ஒரு கோடாகத் தெரிகிறது என்று அழகுக்காக அதை மூடச் சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு. அடுத்த ஆண்டு கோணல்மாணலாக விழும் விரிசலைப் பார்த்தால் அந்த நேர்கோடு எவ்வளவோ தேவலை.

வெள்ள பயம் இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளங்களை ஜொகூர் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. அதன்பின் தரையை உயர்த்தும் ஆசை வருவது இயல்பு. உயர்த்தும் விதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.8 டன் எடை. 3 மீட்டருக்கு 6 மீட்டர் பின்கட்டை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி நிரப்பினால், களிமண்ணின் தலையில் 32 டன்னுக்கு மேல் ஏற்றுகிறோம். அந்தப் பாரத்தில் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேறி, நிலம் ஆண்டுக்கணக்கில் தாழும். அதே உயரத்துக்குக் கால் நட்டுப் பலகை மேடை போட்டால் எடை அதில் ஒரு சிறு பங்குதான். அடியில் வெள்ளமும் ஓடிப்போகும். மூவார், பொந்தியான் கம்பத்து வீடுகள் தூண்களில் நிற்பதன் கணக்கும் இதுதான். அங்கே தூணை மண்ணில் புதைப்பதில்லை. கல்லின் மேலோ கான்கிரீட் கட்டையின் மேலோ உட்கார வைக்கிறார்கள். ஒரு தூண் தாழ்ந்தால் தூக்கி அடியில் அண்டை கொடுக்கலாம். ஜப்பானில் கடலுக்குள் தீவு அமைத்துக் கட்டி 1994இல் திறந்த கன்சாய் விமான நிலையத்திலும், முனையக் கட்டடத்தின் சுமார் 900 தூண்களை ஜாக்கியால் உயர்த்தி இரும்புத் தகடு செருகும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவைத்தார்கள். தீவு இறங்கும் என்று தெரிந்தே கட்டினார்கள்.

ஆக, மட்டப்படுத்துவது தவறல்ல. அளக்காமல் மட்டப்படுத்துவதுதான் தவறு. அளக்கத் தேவைப்படுவது ஒரு ரசமட்டமும், உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயும், தண்ணீரும்தான். ரசமட்டம் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டுமே காட்டும். எந்தக் கால் இறங்கியது என்று சொல்லத் தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாய் வேண்டும். பைலிங்கில் நிற்கும் வீட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு அதையே மூலமட்டமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலுக்கும் எண் கொடுத்து, அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தாழ்வு என்று தேதியுடன் ஒரு தாளில் குறிக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை இதையே திரும்பச் செய்தால் இறக்கம் நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பது சில மாதங்களில் தெளிவாகிவிடும். பின்னால் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கே பேசப்போவதும் இந்த அளவுத் தாள்தான்.

இறக்கம் நின்றிருந்தால் வேலை எளிது. கூரைத் தண்ணீர் கால் பக்கத்தில் விழுந்து மண்ணை அரிக்கிறதா என்று முதலில் பார்த்து அதைத் திருப்பிவிட வேண்டும். பிறகு அகலமான கெட்டிப் பலகைமேல் ஜாக்கி வைத்து, ஒவ்வொரு காலாகச் சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி, இரும்புத் தகடு செருகி, சுருங்காத கிரவுட் கலவையால் நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் தூக்கினால் இணைப்புகள் கிழியும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் மேடைக்கடியில் நுழையக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். மர ஆப்பு தற்காலிகத்துக்கு மட்டுமே. ஈரத்தில் அது மக்கும், கரையானும் வரும்.

இறக்கம் தொடர்ந்தால் கோளாறு பாதத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. 30 சென்டிமீட்டர் சதுரப் பாதத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, மண்மேல் அழுத்தம் கால் பங்காகும். மேலடுக்கு மட்டும் பலவீனமாக இருக்கும் இடத்தில் அது பலன் தரும். ஆழத்துக்குக் களிமண் இருக்கும் இடத்தில், குறிப்பாகக் கனமாக மண் நிரப்பிய இடத்தில், பாதத்தை அகட்டுவதால் மட்டும் தீராது. பதிவுபெற்ற பொறியாளரை அழைக்கும் செலவை அங்கே மிச்சம் பிடிக்க முடியாது.

இனி, யார் பணம் கொடுப்பது? மேம்பாட்டாளர் கட்டிக்கொடுத்த நடைத்தளமோ கார் நிறுத்துமிடமோ வடிகாலோ இறங்கினால், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை அவர் பொறுப்பு. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழுள்ள நிலையான விற்பனை ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்துமூலம் தெரிவித்து 30 நாளில் அவர் சரிசெய்யாவிட்டால், பழுதுபார்க்கும் செலவைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் கொடுத்து மறுவாய்ப்பு அளித்த பின், உரிமையாளரே வேலையை முடித்து அந்தத் தொகையைக் கேட்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: வீட்டு விலையில் 5 விழுக்காட்டை வழக்கறிஞர் பிடித்து வைத்திருப்பார். அதில் பாதி எட்டாவது மாதத்திலும் மீதி 24ஆவது மாதத்திலும் மேம்பாட்டாளருக்குப் போய்விடும். புகார்க் கடிதத்தின் நகலை அந்த வழக்கறிஞருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

அப்படியும் நடக்காவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 10 ரிங்கிட். அந்த 24 மாதப் பொறுப்புக்காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஒட்டு வேலையில் உரிமையாளரே கை வைத்த பகுதிக்கு மேம்பாட்டாளர் பொறுப்பை மறுப்பார் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆகவே மேடை போடுமுன்பே பின்கட்டின் பழுதுகளைப் புகாராகப் பதிவுசெய்துவிடுவது புத்திசாலித்தனம்.

மேடை போட்ட குத்தகையாளரோடு தகராறு என்றால் வழி வேறு. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பதைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உள்ளதாகவே கொள்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, மூன்றாண்டுக்குள், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. தீர்ப்புப்படி 14 நாளில் நடக்காவிட்டால் அது குற்றம். இடர்ப்பாடு என்னவென்றால், நம் ஆட்கள் பல வேலைகளை வாய்வார்த்தையிலும் வாட்ஸ்அப்பிலும் முடித்துவிடுகிறார்கள். பாதத்தின் ஆழம், அளவு, பைலிங் உண்டா இல்லையா, அனுமதி எடுப்பது யார் என்ற நான்கும் விலைப்பட்டியலில் எழுதியிருந்தாலே பாதி வழக்கு முடிந்த மாதிரி. ஆள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்தவரா என்பதை முன்பணம் கொடுக்குமுன் அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டு மராமத்தும் சிஐடிபி சட்டத்தின்படி கட்டுமான வேலைதான்.

மாநகர் மன்ற அனுமதி எடுத்தாயிற்றே, அவர்களும் பொறுப்பல்லவா என்று நினைப்பவர்கள் உண்டு. 1993 டிசம்பர் 11இல் இடிந்து 48 உயிர்களைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வழக்கில், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு ஊராட்சி மன்றத்துக்குத் தரும் பாதுகாப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் ஏற்றது. திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்ததற்காக மன்றத்திடம் இழப்பீடு கேட்பது மிகக் கடினம். ஆனால் அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் அதே மன்றத்துக்கு உண்டு. ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மன்றங்களின் விதிகள் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணாமல் தம் மன்றத்திலேயே கேட்க வேண்டும்.

பழுது தாமதமாக வெளிப்பட்டாலும் கதவு அடைபடுவதில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள காலவரம்புச் சட்டத் திருத்தத்தின்படி, கவனக்குறைவால் நேர்ந்து வெளியே தெரியாதிருந்த சேதம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். மொத்தத்தில் 15 ஆண்டைத் தாண்டக் கூடாது. எந்த நாளில் தெரிய வந்தது என்ற கேள்விக்கும் அந்த அளவுத் தாளே பதில்.

வீட்டுக் காப்புறுதியை நம்பி இருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. நிலம் தாழ்வதும் சரிவதும் வழக்கமான வீட்டுக் காப்புறுதியில் அடங்குவதில்லை. கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். பின்னால் ஒட்டிய சமையலறையையும் மேடையையும் காப்புறுதி நிறுவனத்திடம் அறிவித்திருக்கிறோமா என்பதையும் புதுப்பிக்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.