தோல்வி கற்பிக்கும் வித்தை

அபஜயமடைந்தவன் செய்யத்தக்கது யாது? எதிரியை நிந்திப்பதா, விதியை நோவதா? குரோஷியா தேசத்து வீரர் மிர்க்கோ பிலிப்போவிச்சின் சரித்திரம் இதற்கு விடை கூறுகின்றது.

1974-ம் வருஷம் பிறந்த இவர் தமது தேசத்துப் போலீஸ் படையில் ஊழியம் புரிந்தவர். அதனாலேயே ‘குரோ காப்’ என்று பெயர் பெற்றார். கிக்பாக்ஸிங்கில் தேர்ந்தபின், மல்யுத்தமும் குத்தும் உதையும் கலந்த போரில் இறங்கினார். இவரது இடது காலின் உதைக்கு அஞ்சாத மல்லரில்லை. 2003-ல் குரோஷியப் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 2006-ல் ஜப்பானில் ‘பிரைட்’ போட்டியின் மகுடத்தைச் சூடினார்.

மறு வருஷமே மான்செஸ்டர் நகரில் பிரேஸில் தேசத்துக் கப்ரியேல் கொன்ஸாகா இவரைச் சாய்த்தார். கொன்ஸாகா தரையில் பிடித்து மடக்கும் ஜுஜுத்ஸுவில் வல்லவர். ஆயினும் உதையில் வல்லவரைத் தலையில் உதைத்தே வென்றார்!

எட்டு வருஷங்கள் சென்றன. 2015-ல் போலந்து தேசத்தில் இருவரும் மீண்டும் பொருதனர். மூன்றாம் சுற்றில், நாற்பது வயதான பிலிப்போவிச், எதிரியைத் தரையில் வைத்தே முழங்கையால் தாக்கி ஜயித்தார். காலை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஜயம் கிட்டியிராது. தரைவித்தையையும் அவர் பல காலம் பயின்றிருந்தார். 2019-ல் நோயுற்ற பின்னரே களத்தைத் துறந்தார்.

தேர்தலில் தோற்றுவிட்டு ஜனங்களைப் பழிக்கும் நமது நண்பர்கள் இதைச் சிந்திப்பார்களாக. எதிரி எவ்வித்தையால் நம்மை வென்றான் என்று ஆராய்ந்து அதனைப் பயில்வதில் இழிவொன்றுமில்லை. பழைய பலத்தையே பேசிக்கொண்டு விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் இழிவென்போம்.