எலுமிச்சம்பழம் தீர்க்காத வியாதி

மாடித்தோட்டம் வைத்திருப்போர் பலருக்கும் பரிச்சயமான சங்கடம் ஒன்றுண்டு. தழைத்து வந்த செடியின் இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். உரம் போதவில்லை போலும் என்று மேலும் உரமிட்டால் மஞ்சள் கூடுமேயன்றிக் குறையாது. இரும்புச்சத்து மண்ணில் இல்லாமையால் அன்று, இருந்தும் அதனை வேர் கிரகிக்க இயலாதபடி மண்ணின் காரம் மிகுந்துவிட்டமையாலேயே பெரும்பாலும் இது நேர்கிறது. இந்தக் கார அமில நிலையை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற ரசாயன நிபுணர் வகுத்தார். அதில் 7 நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து மடங்கு வேற்றுமை. மண்ணில் வளரும் காய்கறிகளுக்கு 6 முதல் 7.5 வரையும், மண்ணில்லா விவசாயத் தொட்டிகளில் 5.5 முதல் 6.5 வரையும் பொதுவாக உகந்த எல்லைகள்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ புளித்த மோரோ சிறிது சேர்த்தால் நீரின் காரம் தணிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. தணிவது வாஸ்தவமே, தணிந்தது நிலைப்பதில்லை. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் பைகார்பனேட் உப்புகள் ஏராளமாய்க் கரைந்திருப்பதால், ஒருநாள் ஊற்றிய அமிலத்தின் பயனை மறுநாள் பாய்ச்சும் தண்ணீரே அழித்துவிடுகிறது. ஒரே பி.எச். எண்ணைக் காட்டும் இரண்டு நீர்களில் ஒன்று சில துளி அமிலத்துக்கே இறங்க, மற்றொன்று அதைப் போல் பல மடங்கு கேட்பதற்கும் இதுவே காரணம். ஆதலால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் பி.எச். எண்ணோடு நில்லாமல், மொத்தக் காரத்தன்மை எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணில்லாத் தொட்டியில் விஷயம் இன்னும் சிக்கலானது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் நுண்ணுயிர்களுக்கு ஆகாரம். நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகுகையில் பி.எச். மீண்டும் ஏறிவிடுவதுடன், தொட்டியின் சுவரிலும் வேரிலும் கொழகொழப்பான படலம் கட்டி, நீரிலுள்ள பிராணவாயு குறைந்து வேர் அழுகவும் இடமாகிறது. இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று செடிக்குச் சாது என்று கொள்வது தவறு. விவசாயத்துக்கென்றே லேபிளிட்டு விற்கப்படும் பாஸ்பாரிக் அமிலத்தை அளந்து ஊற்றுவது, தொட்டியைப் பொறுத்தமட்டில், எலுமிச்சை பிழிவதைவிட மேலானது என்பதே என் அபிப்பிராயம். இயற்கை விவசாயத்தில் பிடிவாதமுள்ள அன்பர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, எப்போதும் நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டுமேயன்றி அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.

செலவை மிச்சப்படுத்தப் பழைய பேட்டரி அமிலத்தை நாடுவோரும் உளர். அதில் ஈயம் கலந்திருக்கும். அது கீரை வழியாகக் குழந்தையின் தட்டுக்கே வந்து சேரலாம். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய கையோடு வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ ஊற்றுவது அதனினும் கொடிது. உடனே கிளம்பும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லா அறையில் உயிருக்கே அபாயம். அவ்வாறு நேர்ந்தால் எதையும் சுத்தம் செய்ய முற்படாமல் வெளியேறித் திறந்தவெளிக்குச் சென்று, மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

சமையலறைச் சம்பிரதாயங்கள் பிற சிலவும் உண்டு. அடுப்புச் சாம்பல் காரத்தை ஏற்றுவது. ஏற்கெனவே காரமான மண்ணில் அதைத் தூவுவது வியாதியை வளர்ப்பதாகும். வடித்தெடுத்த காப்பித்தூளில் அமிலம் அனேகமாக எஞ்சியிருப்பதில்லை. சமையல் சோடா பி.எச். எண்ணை உயர்த்தும், கூடவே சோடியத்தையும் சேர்த்துவிடும்.

நிலையான பரிகாரங்கள் மெதுவானவை. மழைநீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மையுடையது, பைகார்பனேட் இல்லாதது; அதைச் சேமித்துக் கிணற்று நீரோடு கலப்பதே மலிவான உபாயம். மண்ணில் கந்தகத் தூளைச் சிறு அளவில் கலந்தால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அதனை அமிலமாக்கும். ஒரு கிலோ கந்தகம் ஏறத்தாழ மூன்று கிலோ சுண்ணாம்பைச் சமன்செய்ய வல்லதாகையால் தொட்டியில் அவசரப்பட்டுக் கொட்டலாகாது; சுண்ணாம்பு மிக்க வயலிலோ அதே கந்தகம் எவ்வளவு இட்டாலும் போதாது. களர் நிலத்துக்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டும், நீலகிரியின் அமில மண்ணில் காய்கறி பயிரிடுவோர்க்கு டோலமைட் சுண்ணாம்பும் உரியவை. மருந்து மண்ணுக்கு மண் மாறுவதால் பரிசோதனை முன்செல்ல வேண்டும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறித் திசையை மட்டும் காட்டும்; அளவைக் காட்டுவதற்கு, தரநிலைக் கரைசலில் சரிபார்த்த மீட்டரோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமோ வேண்டும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அம்சங்களைச் சொல்கிறது, பி.எச். அவற்றுள் ஒன்று. நிலமுள்ள விவசாயி அதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் பொருளைப் பற்றியும் நமக்கு உரிமைகள் உண்டு. பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், விலை, புகார் செய்யவேண்டிய விவரம் ஆகியன இருப்பது சட்டத்தின் கட்டளை. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் கழிவிலிருந்து செய்த கம்போஸ்ட் உரத்தின் பி.எச். 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டுமென நிர்ணயித்திருக்கிறது. பெயரில்லாப் புட்டியில் பி.எச். குறைப்பான் என்று எழுதி விற்கும் திரவத்தை வாங்காமலிருப்பதே நல்லது. வாங்கிச் செடிகள் கருகிப் போயிருந்தால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், அல்லது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கறிஞரின்றியும் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. ரசீதையும் மீந்த திரவத்தையும் புட்டியோடு மூடி வைத்திருக்க வேண்டும். குறை பரிசோதனையால்தான் புலப்படும் என்று கருதினால், அத்திரவத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.