சிறு பள்ளியும் தேர்ச்சி விழுக்காடும்

பொதுமக்கள் பணத்தால் நடைபெறும் பள்ளி, தான் கற்பித்ததற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. இதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அக்கணக்கை எந்த அளவுகோல் கொண்டு சரிபார்ப்பது? பெரிய பள்ளிக்குப் பொருந்தும் கோல் சிறிய பள்ளிக்கும் அப்படியே பொருந்துமா?

மலேசியத் தமிழர்க்கு இஃது ஏட்டளவிலான வினா அன்று. நம் பள்ளிகளில் மிகப் பல தோட்டங்களில் பிறந்தவை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வகை செய்தது. எனவே, சிறுமை அவற்றின் பிறப்போடு வந்தது. பின்னர்த் தோட்டங்கள் நகரங்களாயின. பெட்டாலிங் ஜெயாவே 1950-ஆம் ஆண்டுகளில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். அத்தோட்டத்தின் பெயரைப் பண்டார் உத்தாமாவிலுள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. மக்கள் குடியேறிய இடங்களில் பள்ளிகள் பெருத்தன. அவர்கள் விட்டு வந்த தோட்டங்களில் பள்ளிகள் இளைத்தன.

இனி, ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியின் ஆறாம் ஆண்டில் 8 மாணவர். மற்றொன்றில் 200 மாணவர். இரண்டிலும் தேர்வு நாளன்று ஒருவன் காய்ச்சலால் சரியாக எழுதாமல் தோற்கிறான். பெரிய பள்ளியின் தேர்ச்சி அரை விழுக்காடு குறைகிறது; சிறிய பள்ளியிலோ 12.5 விழுக்காடு சரிகிறது! ஆசிரியர் அதே ஆசிரியர். உழைப்பும் அதே உழைப்பு. ஊரார் கண்ணுக்கு மட்டும் பள்ளி வீழ்ந்துவிட்டது. மறு ஆண்டு இரண்டு சுட்டிப் பிள்ளைகள் வந்தால், அதே பள்ளி உச்சியில் நிற்கும். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்த தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்னும் பொருளியலறிஞர்கள் 2002-இல் இதனையே எடுத்துக்காட்டினர்: பட்டியலின் தலையிலும் வாலிலும் சிறு பள்ளிகளே மிகுதியாக வந்து விழுகின்றன.

இதன் விளைவு என்ன? எண் சரிந்தது கண்ட பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். மாணவர் தொகை மேலும் குறைகிறது. குறையக் குறைய, அடுத்த ஆண்டின் எண் இன்னும் தள்ளாடுகிறது. இச்சுழலிற் சிக்கிய பள்ளி, குற்றமின்றியே மூடுவிழாவை நோக்கி நகர்கிறது.

எண்ணொன்றையே நம்புவதால் விளையும் கேடு புதிதன்று. இங்கிலாந்தில் 1862-இல் இராபர்ட் லோ கொணர்ந்த திட்டம், மாணவரின் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் அளித்தது. ஆசிரியர் மானியத்துக்காகப் பாடநூலை மனப்பாடம் செய்வித்தனர். பள்ளி ஆய்வாளராயிருந்த மாத்யூ ஆர்னால்டு இதனைக் கண்டித்தார். 1890-ஆம் ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. நம் நாட்டிலும் 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு ‘ஏழு ஏ, எட்டு ஏ’ என்னும் எண்ணிக்கைப் போட்டியாக வளர்ந்து, 2021-இல் நீக்கப்பட்டது.

தேர்வு போயிற்று என்பதால் கணக்குக் காட்டும் கடமை போய்விடவில்லை. மாறாக, செவ்விய அளவுகோலைத் தேடும் பொறுப்பு கூடியிருக்கிறது. சிறு பள்ளியை ஓராண்டு எண்ணால் எடை போடலாகாது. மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். முதலாம் ஆண்டில் எழுத்தறியாது வந்த பிள்ளை ஆறாம் ஆண்டில் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் நோக்குதல் வேண்டும். மேலும், கணக்கு இருவழிப்பட்டது. ஈராண்டு மாணவரை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியரிடம் விளைவைக் கேட்கும் மேலிடம், அவருக்கு என்ன துணை அளித்தோம் என்று தானும் விடை கூற வேண்டும்.

சிறு பள்ளிக்குச் சலுகை தேவையில்லை; நேரிய துலாக்கோல் போதும். பெற்றோரும் பள்ளி வாரியத்தாரும் விழுக்காட்டைக் கேட்கும்போது, ‘எத்தனை பேரில்?’ என்று இன்னொரு வினாவையும் சேர்த்துக் கேட்பார்களாக!