சிற்றலை வானொலியும் கேட்போர் உரிமையும்: பாண்டிருப்பிலிருந்து ஒரு நோக்கு

சிற்றலை வானொலி கேட்கும் வழக்கத்தை மக்களிடையே மீளப் பரப்புதல் வேண்டும் என்ற குரல் இடைக்கிடை எழுகின்றது. பழமை மீதான ஏக்கம் என்று அதனை ஒதுக்கிவிடுவோரும் உளர். கல்முனையை அடுத்துள்ள பாண்டிருப்பு போன்றதொரு கரையோரக் கிராமத்திலிருந்து நோக்குமிடத்து, இது வெறும் ஏக்கத்துள் அடங்கும் விடயமன்று என்பதே எமது கருத்து.

பண்பலை பெரும்பாலும் அடிவானத்துக்கு உட்பட்ட எல்லையோடு நின்றுவிடும். 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலான சிற்றலையோ அயன்மண்டலத்திற் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வந்திறங்கும். பகலில் உயர்ந்த அதிர்வெண்களும் இரவில் தாழ்ந்தவையும் நன்கு எடுபடும். ஒலி ஏறியிறங்கிக் கரைவது பெட்டியின் பழுதன்று. அம்மண்டலத்தின் அசைவே காரணம். ஆகவே ஒலிபரப்புவோருக்கும் கேட்போருக்கும் இடையிலுள்ள எவரது அனுமதியும் இங்குத் தேவைப்படுவதில்லை. இரைச்சலெழுப்பி மறைக்கலாம், ஆயின் அது செலவு மிக்கது, முழுப்பயன் தருவதுமன்று.

இச்சாதனம் மக்கள் நலன் கருதிப் பிறந்ததெனக் கொள்வது தவறாகும். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தனக்கென இலங்கையில் அமைத்த வானொலியே 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1952இன் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறந்தள்ளியமையால், போருக்கெனப் பிறந்த அச்சிற்றலை இந்தியத் துணைக்கண்டமெங்கும் பாட்டும் விளம்பரமும் கொண்டு சென்றது. வரலாற்றின் வேடிக்கை எனலாம்.

வெளியிலிருந்து வந்த தமிழ்க் குரல்களும் அவ்வாறே. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல், போரின் நடுவே தொடங்கிற்று. பீக்கிங் 1963இல் தமிழில் ஒலிக்கலாயிற்று. மாஸ்கோவும் தமிழிற் பேசிற்று. ஒவ்வொன்றும் ஓர் அரசின் நலனையே பேசிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் முள்ளைச் சற்றே திருப்பிய கேட்போனுக்கு, ஒன்றை மற்றொன்றால் உரைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. சீன-சோவியத் பிளவு இடதுசாரி இயக்கத்தை இரண்டாக்கிய அறுபதுகளில் அவ்வாய்ப்பு அற்பமானதன்று. போர்க்காலத்தில் இரவு 9.15 மணித் 'தமிழோசை'க்காக ஒரு பெட்டியைச் சூழ்ந்து பலர் அமர்ந்தமை வடக்குக் கிழக்கெங்கும் காணப்பட்ட காட்சி. அங்கே கேட்டல் தனிமனிதச் செயலாக இருக்கவில்லை. செய்தி முடிந்ததும் வாதம் தொடங்கும்.

'தமிழோசை' 2017 ஏப்ரல் 30இல் நின்றது. மணிலாவின் வெரித்தாஸ் 2018 நடுப்பகுதியிற் சிற்றலையைக் கைவிட்டது. எல்லாம் கைத்தொலைபேசியில் கிடைக்கின்றனவே என்பர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அதே வாரத்தில் அயலிலுள்ள சாய்ந்தமருதில் வெடியோசை கேட்டது. யாரை நம்புவது என்று தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே தவித்த நாட்கள் அவை. 2022 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போது மீண்டும் முடக்கம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் இக்கரையில் மின்சாரத்தையும் தொலைபேசியையும் துண்டித்ததை முதியோர் மறந்திலர். உக்ரேன் போர் மூண்டதன் பின் 2022 மார்ச்சில் பி.பி.சி. நாளொன்றுக்கு நான்கு மணி நேரச் சிற்றலை ஒலிபரப்பை அந்நாட்டுக்கெனப் புதிதாகத் தொடங்கியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஆயினும் கேட்போரை மட்டும் திரட்டுவது பயனற்றது. தமிழில் ஒலிபரப்புவோர் இல்லையேல் பெட்டி வெறும் பெட்டியே. வானொலி வழங்குங்கருவியாக மட்டுமின்றி, கேட்போனையும் பேசவைக்கும் தொடர்புக்கருவியாக மாறவேண்டுமென பிரெக்ற் 1932இல் வற்புறுத்தினார். கேட்டல் அறிக்கை எழுதி நிலையத்திலிருந்து கியூ.எஸ்.எல். அட்டை பெறும் வழக்கம் அதன் சிறு வித்து. அவ்வறிக்கைகள் குவிந்தாலன்றி எந்நிலையமும் இக்கரையைக் கணக்கில் எடுக்காது.

தொடங்குவதற்குப் பெருஞ்செலவில்லை. பற்றறியில் இயங்கும் ஒரு பெட்டி, தென்னைகளுக்கிடையே கட்டிய பத்து மீற்றர்ச் செப்புக்கம்பி, அதிர்வெண்ணும் நேரமும் குறிக்கும் ஒரு கொப்பி. எல்.ஈ.டி. விளக்குகளும் தொலைபேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலுக்கு விலகிக் கடற்கரைப் பக்கம் அமர்தல் நன்று. பாண்டிருப்பினரும் கல்முனை முஸ்லிம் இளைஞரும் ஒரே பெட்டியின் முன் அமர்வாராயின், வாதம் மீண்டும் தொடங்கக்கூடும்.